நூற்றேழு பல்

குற்றம் செய்தவன் உலகத்தின் எந்த மூலையில் போய் ஒளிந்தாலும் உண்மை அவனைத் தேடி வந்தே தீரும். அன்று அது ஏழாம் நம்பர் பஸ்ஸில் வந்தது. ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, வேகாத வெயிலில் திரும்பி நடந்தது.

உண்மையின் சார்பில் நடந்தவர் துப்பறிவாளர். வயது ஐம்பத்திரண்டு. அன்றைக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் வேடம். வேடம் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை, சட்டைப்பையில் வழக்கமான ஒரு பேனாவுக்குப் பதில் மூன்று. பின்னால் வந்தவள் அவருடைய உதவியாளர், மனைவியின் தங்கை. குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் சின்னவள். முப்பத்தெட்டு வயது. வண்டி உதிரிபாகக் கடை கவுன்டரில் ஒன்பது வருஷம் நின்றவள். கடையை மூடியதும், "சும்மாதானே இருக்கா, கூட்டிட்டுப் போங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். துப்பறிவாளர் எந்தக் கொலைகாரனுக்கும் அஞ்சியதில்லை. ஆனால் அக்கா சொன்னால் அப்பீல் கிடையாது.

"அத்தான், ஸ்டாப் போயிடுச்சுன்னு நான் சொன்னேன்."

"டியூட்டி நேரத்துல சார்."

"சார், ஸ்டாப் போயிடுச்சுன்னு நான் சொன்னேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். மூன்று மணிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

வழக்கு இதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் பழைய கார் வியாபாரி ஒருவர் தன் யார்டின் ஆபீஸ் அறையில் கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடந்தார். ஊர் முழுக்க விளம்பரப் பலகைகளில் முகம் கொள்ளாமல் சிரித்தவர். அதனால் சிரிப்பு முதலாளி என்று பேர். கண்டெடுத்தபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. நாக்கு வெளியே தள்ளி, கண் இரண்டும் ரத்தம் கட்டி, தரையில் உதைத்து உதைத்து ஒரு காலின் செருப்பு அறுந்து கிடந்தது. கழுத்தில் புதைந்திருந்தது ஓர் அறுந்த டைமிங் பெல்ட். எஞ்சினுக்குள் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. அதன் பற்கள் தோலில் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தது போல் வரிசையாகப் பதிந்திருந்தன.

போலீஸ் பிடித்தது ஒரு தையல்காரரை. சிரிப்பு முதலாளியிடம் மலிவாகக் கிடைக்கிறதென்று நீல நிறக் கார் ஒன்று வாங்கியவர். பத்தாம் நாள், திங்கள் காலை, நடுரோட்டில் பெல்ட் அறுந்து எஞ்சின் நாசம். வண்டியை ஆள் வைத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு, மத்தியானம் யார்டுக்கு நடந்தே போய், "உன் கழுத்தை நெரிச்சுடுவேன்டா" என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தார். அன்று மாலையே கழுத்து நெரிபட்டது. சாட்சி, முதலாளியின் கூடப்பிறந்த தம்பி, அந்த யார்டின் மெக்கானிக். ஆறு மணிக்குத் தையல்காரர் நீலக் காரில் வந்தார், அண்ணனை நெரித்தார், அதே காரில் ஏறிப் பறந்தார் என்பது அவர் வாக்குமூலம். செவ்வாய்க்கிழமை அந்தக் காரை இழுத்து வந்தார்கள். ஸ்டேஷன் வளாகத்தில் இடமில்லாததால் சாட்சியின் யார்டிலேயே நிறுத்தி வைத்தார்கள். இன்று, வியாழன் காலை, போட்டோ எடுக்க எஞ்சினைத் திறந்தால் பெல்ட் இருக்க வேண்டிய இடம் காலி. முடிந்தது வழக்கு என்றார் இன்ஸ்பெக்டர். ஒப்புதலில் ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. அதைப் பெறும் முயற்சியில் தையல்காரரின் வலது கையில் இரண்டு விரல்கள் உடைக்கப்பட்டிருந்தன.

"மூணு மணிக்கு மேல தாங்க மாட்டாருங்க" என்று ஸ்டேஷன் படியில் உட்கார்ந்திருந்த தையல்காரரின் மனைவி சொன்னாள். "ராத்திரி முழுக்கக் கத்தினாரு. இப்ப கத்தவும் இல்ல."

துப்பறிவாளர் வழக்கில் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். பஸ்ஸில் சின்னவள் இரண்டாம் முறை விளக்கியபோது கண்டுபிடித்தார்.

யார்டில் மூன்று வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் வெள்ளைப் பெயின்டில் எழுத்து. 'ஒரே ஓனர்.' 'டாக்டர் ஓட்டியது.' 'புத்தம் புது டைமிங் பெல்ட்.'

"பதினோரு வண்டி டாக்டர் ஓட்டியது" என்றாள் சின்னவள். "பாவம், அவங்களுக்கு என்ன வியாதியோ, எல்லாரும் வித்துட்டாங்க."

"மெதுவாப் பேசு. நான் பேராசிரியர்."

"அப்ப மூணு பேனாவுல ஒண்ணுக்காவது மூடி போடுங்க. சட்டை நீலமாகுது."

தம்பிக்காரர் ஷெட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். மாடு மாதிரித் தோள். இரண்டு நாளாகத் தூங்காத கண். முன்கை இரண்டிலும் ஆழமான நகக்கீறல்கள், காய்ந்து கறுத்துப் போயிருந்தன.

"பூனையா?" என்றாள் சின்னவள்.

"ரேடியேட்டர்" என்றார். "வாங்க சார். வீட்டுல துக்கம். அதனால விலை குறைச்சுத்தான் சொல்வேன்."

"நான் ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியர்" என்றார் துப்பறிவாளர், யாரும் கேட்காமலே. "வாகனத்தின் ஆன்மாவைப் பார்த்து வாங்குகிறவன்."

"இவங்க?"

"என் மனைவியின் தங்கை."

அவர் போட்ட வேடத்தில் அது ஒன்றுதான் உண்மை.

"எங்களுக்கு ஆன்மா வேணாம்" என்றாள் அவள். "மலிவா இருந்தாப் போதும். எவ்வளவு மலிவுன்னா, கேட்டா உங்களுக்கே வெட்கமா இருக்கணும்."

தம்பிக்காரரின் கால் தானாக ஷெட்டுக்குள் நடந்தது. வியாபாரம் அந்த வீட்டு ரத்தத்தில் ஊறியது, துக்கம் நேற்று வந்தது. உள்ளே ஒரு வேலை மேசை, அதற்கு மேல் ஆணி வரிசையில் தொங்கும் பழைய பெல்ட்டுகள், மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒரு வண்டி, நடுவில் தையல்காரரின் நீலக் கார்.

"இது ஒரு கேஸ்ல இருக்கு. இன்னைக்கு மூணு மணிக்கு ஆள் ஒத்துக்குறான். அடுத்த வாரம் வண்டி என் கைக்கு வந்துடும். இப்பவே சொல்லி வச்சா உங்களுக்குத்தான்."

கொலை வழக்கின் தடயத்தை முன்பதிவு செய்து கொள்ளலாம் என்று துப்பறிவாளருக்கு அதுவரை தெரியாது. சின்னவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் விர்ரென்று சுலபமாகச் சுற்றியது, வெறும் தையல் மெஷினை மிதித்த மாதிரி. எஞ்சின் பிடிக்கவில்லை.

"பேட்டரி வீக்" என்றார் தம்பிக்காரர்.

"பேட்டரி வீக்குன்னா இழுத்து இழுத்து முனகும். இது ஜாலியாச் சுத்துது. உள்ள பெல்ட் இல்ல." அவள் இறங்கி போனட்டைத் தூக்கி, தாங்குகம்பியைக் கொடுத்து நிறுத்தினாள். உள்ளே குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு அன்பாகக் கேட்டாள். "அண்ணே, இந்த யார்டுல பெல்ட் மாத்தினா ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா?"

"கண்டிப்பா. தேதி போட்டு ஒட்டுவோம்."

"மாத்தாட்டியும் ஒட்டுவீங்களா?"

அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"இதுல 'டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது'ன்னு ரெண்டு ஸ்டிக்கர் இருக்கு. ஒண்ணு தையல்காரருக்கு வித்தப்ப ஒட்டினது. மேல இருக்கறது புதுசு. நேத்து தேதி. நேத்து இந்த வண்டி போலீஸ் காவல்லதானே இருந்துச்சு?"

பதினோரு வருஷமாக ஒரு கை போனட்டைத் திறக்கும், வேலை எதுவும் செய்யாது, மூடுவதற்கு முன் ஸ்டிக்கர் ஒட்டும். பெல்ட்டைத் திருட வந்த இடத்திலும் கை தன் வழக்கத்தை விடவில்லை. போலீஸ் போட்டோவிலும் அந்த ஸ்டிக்கர் தெளிவாக விழுந்திருந்தது. யாரும் படிக்கவில்லை.

சின்னவள் துப்பறிவாளரைப் பார்த்துக் கண்ணால் 'வாயைத் திறக்காதீங்க' என்றாள். அவர் அதை 'தொடங்கலாம்' என்று புரிந்துகொண்டார். ஓரடி பின்னால் நகர்ந்து, சட்டைப்பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் பேராசிரியன் அல்ல" என்றார்.

"தெரியும்" என்றார் தம்பிக்காரர். "காலையில ஸ்டேஷன்ல பார்த்தேன்."

இது கொஞ்சம் இடறியது. சமாளித்துக்கொண்டார். "தையல்காரர் இந்தக் காரில் ஏறிப் பறந்தார் என்றாய். ஆனால் இந்தக் காரின் டைமிங் பெல்ட் அந்த நேரம் உன் அண்ணன் கழுத்தில் இருந்தது. பெல்ட் இல்லாமல் கார் நகராது. ஒன்று கழுத்தில் பெல்ட், அல்லது ரோட்டில் கார். இரண்டும் சேர்ந்து நடக்காது. நீ சொன்னது பொய். ஆகவே இந்தக் காரின் பெல்ட்டைக் கழற்றி அண்ணனை நெரித்தவன் நீயே."

தம்பிக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "அண்ணன் செத்தது திங்கள். இந்தக் கார் இங்க வந்தது செவ்வாய். செவ்வாய்க்கிழமை வந்த கார்ல இருந்து திங்கட்கிழமை எப்படி சார் பெல்ட் எடுப்பேன்?"

துப்பறிவாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். திங்களுக்குப் பிறகுதான் செவ்வாய் வந்தது.

"அதான் அத்தான், உங்களை வாயைத் திறக்காதீங்கன்னேன்" என்றாள் சின்னவள். "அது தையல்காரர் வண்டி பெல்ட்டே இல்ல."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"காலையில ஸ்டேஷன்ல பிளாஸ்டிக் கவருக்குள்ள அந்த பெல்ட்டைக் காட்டினாங்க. முதுகுல அச்சு அழிஞ்சிருந்துச்சு. அதனால பல்லை எண்ணினேன். அத்தான் இன்ஸ்பெக்டர்கிட்ட தன் பழைய கேஸ்களைச் சொல்லிட்டிருந்தாரு, ரெண்டு தடவை எண்ண நேரம் கிடைச்சுது. ரெண்டு தடவையும் நூற்றேழு. இந்த நீல வண்டிக்கு நூத்தி இருபத்தொம்பது பல் பெல்ட். ஒன்பது வருஷம் வித்திருக்கேன், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நூற்றேழு போடற வண்டி இந்த யார்டுல ஒண்ணே ஒண்ணு." அவள் மூலையைக் காட்டினாள். "தார்ப்பாய் சரியா மூடல அண்ணே. பின் விளக்கு தெரியுது."

தம்பிக்காரர் ஷெட்டின் இரும்புக் கதவை ஒரு கையால் இழுத்துச் சாத்திக் கொண்டி போட்டார். மறு கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. எப்போது எடுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் அடி துப்பறிவாளரின் தோளில் விழுந்தது. காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். தற்காப்புக் கலை பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அதில் எந்தப் பக்கமும் ஞாபகம் வரவில்லை. இரண்டாவது அடிக்குத் தலையைத் தாழ்த்தினார், அது மேசையில் பட்டுப் பலகையைப் பிளந்தது. ஸ்பேனர் பிளவில் மாட்டிக்கொண்டது. தம்பிக்காரர் அதை விட்டுவிட்டு அவர் முகத்தில் குத்தினார். மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு புருவத்தைக் கிழித்தது. வாயில் ரத்தமும் ஒரு பல்லின் பாதியும்.

"கத்துங்க அத்தான்" என்றாள் சின்னவள், கதவின் கொண்டியோடு போராடிக்கொண்டே.

"டியூட்டி..." என்று அவர் ஆரம்பித்தார்.

அதற்குள் ஆணியிலிருந்து ஒரு பெல்ட்டை உருவி அவர் கழுத்தில் சுற்றிவிட்டார் தம்பிக்காரர். முழங்காலை முதுகில் கொடுத்து, நீலக் காரின் முன்பக்கத்தோடு அவரை அழுத்தி இறுக்கினார். பற்கள் தோலில் இறங்கின. கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ வெடித்தது. நகத்தால் அந்தக் கைகளைப் பிறாண்டினார். சிரிப்பு முதலாளியும் இங்கேதான் பிறாண்டியிருப்பார் என்ற எண்ணம் வந்தது. அன்று அவராகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. சொல்ல மூச்சு இல்லை.

சின்னவள் கொண்டியை விட்டாள். ஓடி வந்தாள். மாடு மாதிரித் தோளை அடித்துப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பெல்ட்டைப் பிடித்திருந்த வலது கை, இழுப்புக்காக, எஞ்சின் ஓரத்து விளிம்பில் முழங்கை வரை ஊன்றியிருந்தது. அவள் போனட்டின் தாங்குகம்பியைத் தட்டிவிட்டு, விழுந்த போனட்டின் மேல் தன் முழு எடையோடு ஏறி உட்கார்ந்தாள்.

முன்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தக் கூச்சல் தெருமுனை வரை கேட்டது. அவள் இறங்கவில்லை. தம்பிக்காரர் இடது கையால் அவள் காலைப் பிடித்து இழுத்தார், அவள் செருப்புக் காலால் அவர் மூக்கில் உதைத்தாள். உடைந்தது. மறுபடி உதைத்தாள். கை தளர்ந்தது.

துப்பறிவாளர் தரையில் உட்கார்ந்து தவளை மாதிரி மூச்சு வாங்கினார். சின்னவள் போனட் மேலிருந்தே குனிந்து அவர் கழுத்தில் கிடந்த பெல்ட்டை உருவினாள். கையில் வைத்து வாய் அசைத்து எண்ணினாள். வெகு நேரம் ஆயிற்று.

"நூத்தி இருபத்தொம்பது. தையல்காரரோட பெல்ட். அண்ணன் கழுத்துல இருந்தது இதோடதுன்னு காட்ட, நேத்து இதுல இருந்து கழட்டி ஆணியில மாட்டியிருக்கான்."

மாபெரும் தடயம் கிடைத்துவிட்டது. அது துப்பறிவாளரின் கழுத்திலேயே கிடைத்தது.

அவள் இறங்கிப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். சின்ன வெள்ளைக் கார். முன்பாதி அப்பளமாகியிருந்தது. டிரைவர் பக்கக் கதவு உள்ளே குழிந்து, சீட்டில் கறுப்பாகக் காய்ந்த ரத்தம். நசுங்கிய போனட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் மட்டும் சேதமில்லாமல் பளிச்சென்று இருந்தது.

"யாரு ஓட்டினது?" என்றாள்.

தம்பிக்காரர் நொறுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்திருந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போனது. துடைக்கவில்லை.

"என் சம்சாரம். அண்ணன் பரிசாக் குடுத்த வண்டி. போன மாசம் ஒரு லாரியை முந்தறப்ப பெல்ட் அறுந்துடுச்சு. வண்டி அப்படியே செத்து லாரிக்கு அடியில போச்சு. இடது கால், முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."

"ஸ்டிக்கர் இருக்கே."

"நான் ஒட்டினது." நசுங்கிய வண்டியைப் பார்த்தார். "அண்ணன் வரிசையா நிறுத்துவாரு, நான் வரிசையா ஒட்டுவேன். எந்த வண்டி யாருக்குப் போகுதுன்னு பார்த்ததில்ல. பரிசு குடுத்தப்ப போனட்டைத் திறந்து பார்த்தேன். பெல்ட் மாத்தியிருக்குன்னு போட்டிருந்துச்சு. என் கையெழுத்துதான். நானே நம்பிட்டேன்."

அன்றைக்குச் சின்னவள் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுக்குத்தான்.

"திங்கட்கிழமை அந்தத் தையல்காரர் வந்து கத்திட்டுப் போனாரு. அண்ணன் சிரிச்சாரு. உன் பொண்டாட்டிக்கு உயிர் இருக்கில்ல, இன்னொரு கால் இருக்கில்ல, போய் அடுத்த வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுன்னாரு. இந்த வண்டி பெல்ட் என் பாக்கெட்ல இருந்துச்சு. ஒரு மாசமா அங்கதான் வச்சிருந்தேன்."

"தையல்காரர் என்ன பண்ணினாரு உங்களை? ரெண்டு விரல் போச்சு அவருக்கு. விரலை வச்சு சோறு தின்னறவரு."

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

கூச்சல் கேட்டு வந்தவர்கள் கதவை உடைத்தார்கள். சின்னவள் இரண்டு பெல்ட்டுகளின் கணக்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, யாரோ ஒருவரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தாள். போய்ச் சேர்ந்தபோது மூன்றுக்கு ஏழு நிமிஷம். உடைந்த விரலால் தையல்காரரால் பேனா பிடிக்க முடியவில்லை. விரலை உடைத்தவர்களுக்கு அது பிறகுதான் உறைத்தது. சரி, கைரேகை வைத்துவிடலாம் என்றால் ஸ்டேஷனின் மைப்பெட்டி காய்ந்திருந்தது, மை வாங்க ஆள் போயிருந்தது. சின்னவள் மேசைமேல் நூற்றி இருபத்தொன்பது பல் பெல்ட்டைப் போட்டு, "எண்ணுங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் எண்ணினார். நாற்பதில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

நாலரை மணிக்குத் தையல்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். முகம் வீங்கி ஒரு கண் திறக்கவில்லை. கட்டுப் போட்ட கையைக் குழந்தையைப் போல இன்னொரு கையில் ஏந்தியிருந்தார். சின்னவளைக் கடக்கும்போது நின்று ஏதோ சொல்லப் பார்த்தார், உதடு கிழிந்திருந்ததால் வரவில்லை. அவர் மனைவி சொன்னாள். "மெஷினை மிதிக்கக் கால் இருக்கு. துணியை நான் தள்ளிக்குறேன்."

துப்பறிவாளரின் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரி கட்டிலில் வைத்து வாங்கினார்கள். தோளில் கட்டு, கழுத்தில் வரிசையாகப் பல் பதிந்த தழும்பு, புருவத்தில் ஆறு தையல். நீதி பற்றி அவர் நாற்பது நிமிஷம் பேசினார். ஏட்டு நாலு வரி எழுதி நீட்டினார். கண்ணாடி உடைந்திருந்ததால் துப்பறிவாளர் அதைப் படிக்காமல், தன் முழுப் பெயரையும் பட்டங்களையும் சேர்த்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

தொழில் என்ற இடத்தில், 'பழைய கார் வாங்க வந்தவர்' என்று எழுதியிருந்தது.